பி.டி. பீரியடில் ஒதுங்கி உட்காரும் பிள்ளைகளை விளையாட வைப்பது எப்படி?

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பி.டி. பீரியட் எடுக்கிறவர்களுக்கு இந்தக் காட்சி பழகியிருக்கும். பந்தைக் கண்டதும் பத்துப் பேர் பாய்வார்கள், ஏழெட்டுப் பேர் மரத்தடிக்குப் போய்விடுவார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று முடிவு கட்ட வேண்டாம். 11–13 வயதில், கூடப் படிக்கிறவர்கள் பார்க்கப் பந்தைத் தவறவிடுவது பெரிய அவமானம். வேடிக்கை பார்க்கும் கண்களைக் குறைப்பதுதான் இங்கே முக்கிய வேலை. 40 மாணவர், 40 நிமிடம் என்ற கணக்கில் செய்முறை இது.

படி 1: காரணத்தைக் கேளுங்கள்

ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுங்கள். கேள்வி இரண்டே: பி.டி. பீரியடில் எது பிடிக்கவில்லை? எந்த விளையாட்டு என்றால் வருவாய்? பெயர் எழுதி மடித்துத் தரட்டும், நீங்கள் மட்டும் படியுங்கள். கேலி, ஷூ இல்லாதது, ஓடத் தோதில்லாத உடை, மாதவிடாய், மூச்சிரைப்பு என்று காரணங்கள் பலவாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலர் வகுப்பறைப் பையில் கிடக்கக் கூடாது, மைதானத்தில் கைக்கு எட்ட வேண்டும். வயிற்றுவலி என்கிற மாணவியிடம் எல்லார் முன்பும் விவரம் கேட்காதீர்கள்.

படி 2: மூன்று பழக்கங்களை நிறுத்துங்கள்

தண்டனையாக ரவுண்டு ஓட விடுவது முதலாவது. ஓட்டத்தையே தண்டனையாக்கிவிட்டு, பிறகு அதை விரும்பச் சொன்னால் எந்தப் பிள்ளை கேட்கும்? இரண்டாவது, கேப்டன்கள் ஒவ்வொருவராக ஆள் எடுப்பது. கடைசியில் மிஞ்சுகிற பிள்ளை அடுத்த வாரம் தலைவலி என்று வரும். வரிசையில் 1 முதல் 10 வரை எண்ணச் சொல்லி அணி பிரியுங்கள். மூன்றாவது, அவுட் ஆனால் வெளியே உட்கார வைக்கும் ஆட்டங்கள். அதிகப் பயிற்சி தேவைப்படுகிறவர்தான் முதலில் வெளியேறுவார். வார்ம்-அப்புக்கு லாக் அண்ட் கீ போதும். பிடிபட்டவரை இன்னொருவர் தொட்டு விடுவிக்கலாம், யாரும் வெளியே போவதில்லை.

படி 3: சிறு அணி, பல ஆடுகளம்

40 பேருக்கு ஒரே பந்து என்றால் நன்றாக ஆடும் ஆறு பேர் கையிலேயே அது சுற்றும். நால்வர் கொண்ட பத்து அணிகளாக்கி, சுண்ணாம்புப் பொடியால் ஐந்து சிறு ஆடுகளங்கள் வரையுங்கள். 8 மீட்டருக்கு 5 மீட்டர் போதும். ஐந்திலும் ஒரே நேரத்தில் ஆட்டம் நடக்கும்போது மற்றவரைப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் நேரம் இருக்காது. பந்து போதாவிட்டால் டென்னிகாய்ட் வளையம் (எறிந்து பிடிக்கும் ரப்பர் வளையம்), அதுவும் இல்லையென்றால் செய்தித்தாளைக் கசக்கி டேப் சுற்றிய பந்து.

நேரப் பங்கீடு: வருகையும் அணி பிரிப்பும் 3 நிமிடம், வார்ம்-அப் 7, பயிற்சி 8, நான்கு நிமிட ஆட்டங்கள் நான்கு, பதிவு 4, தண்ணீர் 2.

படி 4: தூரத்தை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்

எறிபந்து சர்வீஸ் பழக்கும்போது 1.5 மீட்டர் உயரத்தில் கயிறு கட்டி, அதிலிருந்து 2, 4, 6 மீட்டரில் மூன்று கோடுகள் போடுங்கள். எங்கே நிற்பது என்பது மாணவர் விருப்பம். ஐந்துக்கு நான்கு தாண்டினால் ஒரு கோடு பின்னே போகலாம். பலர் சறுக்குவது இங்கேதான். ‘சுலபமான கோடு’ என்று பெயர் வைத்தால் அங்கே நிற்க ஒருவரும் வரமாட்டார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று சொல்லுங்கள். முதல் சில முறை நீங்களும் 2 மீட்டர் கோட்டில் நின்று எறிந்து காட்டுங்கள். பந்து ஒருமுறை தரையில் பட்ட பிறகு பிடிப்பதையும் முதலில் அனுமதிக்கலாம்.

படி 5: போட்டி தன்னோடு

வாரம் ஒருமுறை 30 விநாடி ஸ்கிப்பிங். கயிற்றின் நடுவை மிதித்து நின்றால் கைப்பிடிகள் அக்குள் வரை வர வேண்டும். நீளம் கூடினால் கால் சிக்கும், பிள்ளை தனக்கு வராது என்று நினைத்துவிடும். எண்ணிக்கையை அவரவர் நோட்டில் எழுதட்டும். சத்தமாக வாசிக்க வேண்டாம், பலகையில் ஒட்டவும் வேண்டாம்.

அப்படியும் மரத்தடியை விடாதவருக்கு ஸ்கோர் எழுதும் வேலை கொடுங்கள், இரண்டு ஆட்டங்களுக்கு மட்டும். மூன்றாவது ஆட்டத்தில் ஆள் மாறும் என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். பீரியட் முழுக்க அந்த வேலையே தொடர்ந்தால் அது ஒளிந்துகொள்ள நல்ல இடமாகிவிடும். திரும்பி வரும்போது கைதட்டச் சொல்லாதீர்கள். அந்தக் கவனத்துக்குப் பயந்துதான் அந்தப் பிள்ளை ஒதுங்கியது. பக்கத்தில் போய், “கையை நல்லா பின்னால கொண்டுபோய் எறிஞ்சே, அதான் பந்து தாண்டுச்சு” என்று அவருக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.