புகார் குறைந்தால் குற்றம் குறைந்துவிட்டதா? மண்டலப் பாதுகாப்புத் திட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு மண்டலத்துக்கான காவல் திட்டம் மூன்று விஷயங்களைப் பேச வேண்டும். போலீஸ் எங்கே, எப்படி வேலை செய்யப்போகிறது? குற்றம் நடக்காமல் தடுக்க உள்ளாட்சி, பள்ளி, மருத்துவமனை, அக்கம்பக்கத்தார் என்ன செய்யப்போகிறார்கள்? குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு என்ன உதவி கிடைக்கப்போகிறது? பெரும்பாலான வரைவுகளில் முதல் கேள்விக்கு நீண்ட பதில் இருக்கும். மூன்றாவதற்கான பதிலைக் கடைசிப் பக்கத்தில் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

பாதிக்கப்பட்டவரைக் கடைசியில் வைத்து எழுதினால் அவருக்கு மட்டும் நஷ்டமில்லை. அவர் வாய் திறந்தால்தான் குற்றம் நடந்ததே போலீஸுக்குத் தெரியும். அவர் சாட்சி சொன்னால்தான் வழக்கு நிற்கும். அவருக்கு நம்பிக்கை போய்விட்டால் முதல் இரண்டு பகுதிகளும் காகிதத்தோடு நின்றுவிடும். கீழே உள்ள தவறுகள் ஒவ்வொன்றையும் தோண்டிப் பார்த்தால் அடியில் இந்த மறதிதான் இருக்கிறது.

எண்ணிக்கையைக் குறைப்பதையே இலக்காக வைப்பது

"வழிப்பறியை இத்தனை சதவீதம் குறைப்போம்" என்று எழுதுவது எளிது, கேட்கவும் நன்றாக இருக்கும். அந்த வரி மேலிருந்து கீழே இறங்கி, புகார் எழுதும் மேசைக்கு வரும்போது என்ன ஆகிறது என்று பார்ப்போம். ஒரு பெண் ஸ்டேஷனுக்கு வருகிறார். கைப்பையைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டார்கள் என்கிறார். மேசையில் இருப்பவர் கேட்கிறார்: "பறித்ததை யாராவது பார்த்தார்களா? நீங்களே எங்காவது தவறவிட்டிருக்கலாம் இல்லையா?" நான்கு முறை இதே கேள்வி வந்தால் அவருக்கே சந்தேகம் வந்துவிடும். கடைசியில் அது 'தொலைந்த பொருள்' என்று எழுதப்படும். அந்த மாதம் வழிப்பறி ஒன்று குறைந்துவிட்டது. பறித்தவன் அதே தெருவில்தான் நிற்கிறான்.

இது வெறும் ஊகம் இல்லை. இங்கிலாந்து, வேல்ஸ் காவல் படைகளை ஆய்வு செய்யும் அரசு அமைப்பு 2014ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மக்கள் போலீஸிடம் சொன்ன குற்றங்களில் 19 சதவீதம் குற்றமாகப் பதிவாகவே இல்லை என்று அதில் தெரியவந்தது. பாலியல் குற்றங்களில் அது 26 சதவீதம், வன்முறைக் குற்றங்களில் 33 சதவீதம். யாருக்கு உதவி அதிகம் தேவையோ, அவர்களுடைய புகார்தான் அதிகம் காணாமல் போயிருக்கிறது. இலக்குகளின் அழுத்தம் இதற்கு ஒரு காரணம் என்று அப்போதே பேசப்பட்டது.

சரி, எதை அளப்பது? வீடு வீடாகப் போய் "கடந்த சில மாதங்களில் உங்களுக்கு என்ன நடந்தது, அதைப் போலீஸிடம் சொன்னீர்களா" என்று கேட்கும் ஆய்வுகள் இருக்கின்றன. அமெரிக்கா 1973 முதல் இப்படிக் கேட்டுவருகிறது, இங்கிலாந்தும் வேல்ஸும் 1982 முதல். இந்தக் கணக்கையும் போலீஸ் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் உண்மை நிலவரம் தெரியும். இன்னொன்று: குடும்ப வன்முறைக்கும் பாலியல் குற்றத்துக்கும் 'குறைப்பு இலக்கு' வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆரம்ப ஆண்டுகளில் அந்தப் புகார்கள் ஏறினால், பயந்துகொண்டிருந்தவர்கள் வெளியே வருகிறார்கள் என்றே பெரும்பாலும் அர்த்தம். திட்டத்திலேயே அதை எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் வருடக் கணக்கு வந்ததும் அதிகாரிகள் பதறிப்போவார்கள்.

போலீஸ் பதிவேட்டை மட்டும் வைத்துக்கொண்டு திட்டம் போடுவது

வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் ஜோனத்தன் ஷெப்பர்ட் என்று ஒரு முக அறுவை மருத்துவர். அடிதடியில் தாடை உடைந்து, கண்ணாடி குத்தி முகம் கிழிந்து தன்னிடம் வருகிறவர்களில் பலருடைய சம்பவம் போலீஸுக்குத் தெரியவே தெரியாது என்பதை அவர் கவனித்தார். அங்கிருந்து தொடங்கிய வேலை இன்று உலகம் முழுக்க 'கார்டிஃப் மாதிரி' என்று அறியப்படுகிறது.

வேலை என்னவோ ரொம்பச் சாதாரணம். அவசர சிகிச்சைப் பிரிவில் பெயர் பதியும் வரவேற்பாளர், அடிபட்டு வந்தவரிடம் கூடுதலாகச் சில கேள்விகள் கேட்பார். எந்த இடத்தில் அடித்தார்கள்? எந்த நாள், எத்தனை மணிக்கு? கையால் அடித்தார்களா, கத்தியா, பாட்டிலா? பெயர், முகவரி எல்லாம் நீக்கிவிட்டு இந்த விவரத்தை மட்டும் மாதாமாதம் போலீஸுக்கும் நகராட்சிக்கும் அனுப்பினார்கள். எந்த மதுக்கூடத்தின் வாசலில், எந்த இரவு, எத்தனை மணிக்கு ஆள் தேவை என்பது அதில் தெரிந்துவிட்டது. இதை ஆராய்ந்த கட்டுரை 2011ல் வெளிவந்தது. வன்முறையில் காயம்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறவர்களின் எண்ணிக்கை, ஒப்பிட்டுப் பார்த்த மற்ற நகரங்களில் ஏறிக்கொண்டிருந்தபோது கார்டிஃபில் குறைந்தது.

ஆக, 'பிற துறைகளுடன் ஒருங்கிணைந்து செயல்படுவோம்' என்ற வரி திட்டத்தில் இருந்தால் மட்டும் போதாது. எந்தத் துறை, எந்த விவரத்தை, எந்தத் தேதிக்குள், யாரிடம் கொடுக்கும் என்று எழுத வேண்டும். அதோடு, எந்த விவரத்தைக் கொடுக்கவே கூடாது என்பதையும். காயத்தோடு வந்தவருக்குத் தன் பெயர் போலீஸுக்குப் போகுமோ என்ற பயம் வந்தால், சிகிச்சைக்கே வராமல் போய்விடுவார்.

ரோந்தை எல்லாத் தெருவுக்கும் சமமாகப் பங்கிடுவது

எல்லாப் பகுதிக்கும் சமமாக ரோந்து போட்டால் நியாயமாகத் தெரியும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். 1972-73ல் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் இதைச் சோதித்தார்கள். 15 ரோந்துப் பகுதிகளை மூன்று பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்கில் வழக்கமான ரோந்தை நிறுத்திவிட்டு, அழைப்பு வந்தால் மட்டும் வண்டி போனது. இன்னொன்றில் பழையபடியே. மூன்றாவதில் ரோந்து இரண்டு மூன்று மடங்கு. குற்றத்திலும் மக்களின் பயத்திலும் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை. பிற்பாடு மினியாபொலிஸ் நகரில், போலீஸுக்கு வந்த அழைப்புகளை முகவரிவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். மொத்த முகவரிகளில் ஏறக்குறைய 3 சதவீத இடங்களிலிருந்தே பாதி அழைப்புகள் வந்திருந்தன. 1989ல் வெளியான ஆய்வு அது. ஆள் போக வேண்டிய இடம் அந்த 3 சதவீதம்.

"அங்கே போலீஸ் நின்றால் குற்றம் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடாதா?" என்று கேட்பார்கள். பல ஆய்வுகளில் அப்படி நடக்கவில்லை. சுற்றியுள்ள தெருக்களிலும் ஓரளவு குறைந்ததாகவே தெரிகிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை. குறிப்பிட்ட இடத்தில் ஆளை நிறுத்துவது வேறு, அந்த இடத்தில் வாழ்கிற இளைஞர்கள் எல்லாரையும் தினமும் நிறுத்திச் சோதிப்பது வேறு. பள்ளி விட்டு வரும் பையனை மூன்றாம் முறை சுவரோரம் நிற்கவைத்துப் பையைக் கொட்டச் சொன்னால், நாளை அதே தெருவில் நடக்கும் கொலைக்கு அவன் வீட்டிலிருந்து ஒரு சாட்சியும் வராது.

ஒருமுறை பாதிக்கப்பட்டவர் மறுபடி பாதிக்கப்பட மாட்டார் என்று நினைப்பது

"உங்கள் வீட்டில் ஒருமுறை ஆகிவிட்டது, இனி வர மாட்டார்கள்" என்று ஆறுதல் சொல்வோம். நிஜம் நேர்மாறானது. எந்தக் கதவு இளகியது, வீடு எப்போது காலியாக இருக்கும், புது டிவி எப்போது வரும் என்று திருடனுக்கு இப்போது தெரியும்.

இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் கிர்க்ஹோல்ட் என்ற குடியிருப்பு, இரண்டாயிரத்துச் சொச்சம் வீடுகள். 1980களின் நடுவில் அங்கே வீட்டுத் திருட்டு மிக அதிகம். ஆராய்ச்சியாளர்கள் திருடர்களிடமும் பேசினார்கள், திருட்டுக் கொடுத்தவர்களிடமும் பேசினார்கள். இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, ஏற்கெனவே திருடுபோன வீட்டில் மறுபடி திருட்டு நடக்கும் வாய்ப்பு, மற்ற வீட்டில் முதல்முறை நடக்கும் வாய்ப்பைவிட நான்கு மடங்குக்கும் மேல். இரண்டு, மின்சாரம், எரிவாயுவுக்கு அந்த வீடுகளில் காசு போடும் மீட்டர் இருந்தது. சில்லறை நிரம்பிய உண்டியல் ஒன்று வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது மாதிரி.

அப்புறம் நடந்ததெல்லாம் சின்னச் சின்ன வேலைகள். காசு மீட்டரை மாற்றினார்கள். திருடுபோன வீட்டின் பூட்டையும் ஜன்னலையும் உடனே பலப்படுத்தினார்கள். அந்த வீட்டைச் சுற்றியுள்ள ஏறக்குறைய ஆறு வீட்டுக்காரர்களிடம் "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டார்கள். மூன்று ஆண்டுகளில் வீட்டுத் திருட்டு சுமார் 75 சதவீதம் குறைந்தது. பாதிக்கப்பட்டவருக்கான உதவியும் குற்றத் தடுப்பும் தனித்தனி அத்தியாயம் இல்லை என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். நேற்று திருடுபோன வீட்டுக்கு இன்றே பூட்டு மாற்றிக் கொடுப்பது இரண்டுமேதான்.

நல்ல எண்ணம் இருந்தால் போதும் என்று நம்புவது

வழி தவறும் சிறுவர்களைச் சிறைக்கு அழைத்துப்போய், ஆயுள் கைதிகளைக் கொண்டு மிரட்டிப் பயமுறுத்தும் திட்டம் 1970களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிரபலமானது. பார்த்தவர்கள் எல்லாரும் நெகிழ்ந்தார்கள். பிற்பாடு, அங்கே போன சிறுவர்களையும் போகாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்தபோது, போனவர்கள்தான் அதிகம் குற்றத்தில் இறங்கியிருந்தார்கள். மனதைத் தொடும் திட்டத்தைக் கேள்வி கேட்கத் தயக்கமாகத்தான் இருக்கும். ஆனாலும் கேட்க வேண்டும், அதுவும் பணம் ஒதுக்குவதற்கு முன்னால்.

கண்காணிப்பு கேமராவும் அப்படியே. வாகன நிறுத்துமிடத்தில் நன்றாகப் பயன்படுகிறது. போதையில் நடக்கும் அடிதடியைப் பெரிதாகத் தடுப்பதில்லை. இடம் பார்த்து வையுங்கள்.

கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு வந்தவர்களின் குரலை மட்டும் ஊரின் குரலாக எடுத்துக்கொள்வதும் ஒரு தவறு. இரவு ஷிஃப்ட் வேலைக்காரர், புதிதாகக் குடியேறியவர், வீட்டிலேயே அடிவாங்கும் பெண் அந்த நாற்காலிகளில் இருக்க மாட்டார்கள். அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய்த்தான் கேட்க வேண்டும்.

உதவியைப் புகாரோடு கட்டிப்போடுவது

இது எனக்கு மிகவும் வலிக்கும் தவறு. "முதலில் புகார் கொடுங்கள், அப்புறம் ஆலோசகரைப் பார்க்கலாம்" என்று சொல்லும் அமைப்பு, புகார் கொடுக்கத் தெம்பில்லாதவரைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. பலருக்கு வரிசை தலைகீழ். யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட பிறகுதான் புகார் கொடுக்கும் தெம்பே வரும். ஐரோப்பிய ஒன்றியம் 2012ல் கொண்டுவந்த பாதிக்கப்பட்டோர் உரிமை ஆணை இதைத் தெளிவாகச் சொல்கிறது: முறையான புகார் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் உதவிச் சேவை கிடைக்க வேண்டும், அதுவும் இலவசமாக.

அடுத்தது தகவல். 1985ல் ஐ.நா. பொதுச் சபை ஏற்ற பிரகடனமே, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பாதிக்கப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. இன்றும் பலர் தங்கள் வழக்கு முடித்துவைக்கப்பட்டதை அவர்களாகவே போன் செய்து தெரிந்துகொள்கிறார்கள். 'புதுத் தகவல் இல்லை' என்பதும் தகவல்தான். அதைச் சொல்லும் ஒரு போன் இரண்டு நிமிடம்கூட ஆகாது. யார் சொல்ல வேண்டும், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று திட்டத்தில் இல்லாவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். விசாரணை அதிகாரி மாறும்போது மொத்தக் கதையையும் மறுபடி முதலிலிருந்து சொல்லவைக்காமல், ஒரே ஆள் கடைசிவரை தொடர்பில் இருப்பது இதைவிட முக்கியம். அதற்கு உதவிக் குழுக்களுக்குப் பல ஆண்டு நிதி வேண்டும். வருடா வருடம் புதுப்பிக்கும் நிதி என்றால், பெண் ஒருவர் நம்பிப் பேசத் தொடங்கும் நேரத்தில் அந்த ஆலோசகர் வேறு வேலை தேடிப் போயிருப்பார்.

நான் வரைவுகளில் முதலில் தேடும் வரி ஒன்று உண்டு. தாக்கியவர் ஜாமீனிலோ தண்டனை முடிந்தோ வெளியே வரும்போது, பாதிக்கப்பட்டவர் கேட்டிருந்தால் அவருக்கு முன்கூட்டியே யார் சொல்வது? சிறை சொல்லும் என்று போலீஸ் நினைக்கும், போலீஸ் சொல்லும் என்று சிறை நினைக்கும். கடைவீதியில் அவனை நேருக்கு நேர் பார்க்கும்போதுதான் அவருக்குத் தெரியவரும். திட்டத்தில் அந்த வேலைக்கு நேரே ஒரு பதவியின் பெயரும் ஒரு கால அவகாசமும் இருக்க வேண்டும்: பூட்டு மாற்ற, பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வேறு ஆளை ஏற்பாடு செய்ய, சில இரவுகள் அக்கா வீட்டில் தங்க நேரம் கிடைக்கும் அளவுக்கு.