ரயில் பாதை ஆங்கிலத்தை ஹங்கேரியனில் எழுதும்போது

ரயில் பாதை பற்றிய ஆங்கில ஆவணத்தை ஹங்கேரியனில் மொழிபெயர்க்கிறீர்களா? அகராதியைத் திறக்கும் முன் சொல் குறிக்கும் பொருளின் படத்தைத் தேடிப் பாருங்கள், பாதி பிழை அங்கேயே நின்றுவிடும்.

‘ஸ்லீப்பர்’ என்று வந்தால், படுத்துக்கொண்டு போகிற பெட்டி ஹாலோகொச்சி, தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடப்பது வேறு. அது மரமாக இருந்தால் தல்ப்ஃபா (தல்ப் என்றால் உள்ளங்கால், ஃபா மரம்), கான்கிரீட் என்றால் பெடோன்அய். அடியில் கொட்டியிருக்கும் ஜல்லிக்கு ஆங்கிலத்தில் ‘பேலஸ்ட்’ என்பதால் ‘பல்லஸ்ட்’ என்று எழுதிவிடாதீர்கள், அது கப்பலிலும் பலூனிலும் ஏற்றுகிற பாரம். ரயில்காரர்களுக்கு அது ஆத்யஸத், படுக்கை என்ற சொல்லிலிருந்து வந்தது.

‘டிராக்’ இன்னும் வழுக்கும். ஒற்றை இரும்பு ஷீன், இரண்டும் கட்டைகளும் சேர்ந்த தடம் வாகாஞ். புடாபெஸ்டின் கெலெட்டி நிலையத்தில் எந்தத் தடத்தில் வண்டி நிற்கிறது என்று அறிவிக்கும்போது காதில் விழுவது இந்த வாகாஞ்தான்.

என்னைக் கேட்டால் அதிக நேரம் செலவழிக்க வேண்டியது பாதை பிரியும் இடத்தில். வண்டி பக்கத்துத் தடத்துக்குத் திரும்ப உதவும் மொத்த அமைப்பும் கிட்டேரோ. அதன் முன்பகுதியில் கூர்மையாகச் சீவிய தண்டவாளம் ஒன்று, நகராத தண்டவாளத்தோடு ஒட்டியும் விலகியும் நகரும் பாருங்கள், அது சூச்ஷீன், ‘நுனித் தண்டவாளம்’ என்று பொருள். நகராதது டோஷீன். இந்த முன்பகுதிக்கு மட்டும்தான் வால்டோ என்று பெயர், ஆனால் ஊரில் எல்லாரும் மொத்தத்தையும் வால்டோ என்றே சொல்வார்கள், வங்கிக்காரருக்கோ அதே சொல் உண்டியல் பத்திரம், அதாவது குறித்த நாளில் பணம் தரவேண்டிய சீட்டு. அதனால் வரைபடக் குறிப்பில் பேச்சு வழக்கைப் போட வேண்டாம்.

அடுத்து ‘கிராசிங்’. ஆங்கிலத்தில் ஒரே சொல், ஹங்கேரியனில் மூன்று: கிட்டேரோவுக்குள் சக்கரம் எதிர்த் தண்டவாளத்தைத் தாண்டும் இடம் கெரெஸ்டெஸேஷ், இரண்டு தடங்கள் ஒன்றையொன்று வெட்டிப் போனால் ஆட்செலேஷ், சாலை குறுக்கிட்டால் ஊட்ஆட்யாரோ. அமெரிக்க ஆவணம் முதலாவதைத் ‘தவளை’ என்று சொல்லும், தவளைக்கான ஹங்கேரியச் சொல்லை அங்கே வைத்தால் படிப்பவர் திகைத்துப்போவார். இரண்டு தடங்கள் வெட்டும் இடத்திலேயே வண்டி ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறவும் வழிசெய்யும் ‘டபுள் ஸ்லிப்’பிலும் வழுக்குவதற்கு ஒன்றும் இல்லை, ஹங்கேரியர்கள் பேச்சில் அதை அங்கொல்வால்டோ, அதாவது ஆங்கில வால்டோ என்கிறார்கள்.

இலக்கணம் நமக்குப் பழக்கமானதுதான், வேற்றுமை சொல்லின் வாலில் ஒட்டும், ‘ரெண்டு கட்டை’ என்கிற மாதிரி எண்ணுக்குப் பின் ஒருமையே போதும்.

அப்புறம் எண்கள். ஆங்கிலத்தில் தண்டவாள இடைவெளியை 1,435 மில்லிமீட்டர் என்று காற்புள்ளியோடு எழுதுவார்கள், ஹங்கேரியனில் காற்புள்ளி தசமப் புள்ளி. அப்படியே நகலெடுத்தால் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லாத ரயில் பாதை வந்துவிடும். 1435 என்று ஒட்டி எழுதுங்கள். உக்ரைன் எல்லையில் ஸாஹோஞ் பக்கத்து ஆவணம் என்றால் 1520 அகலப் பாதையும் கூடவே வரும், எந்த வரியில் எது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.