நீளும் போரை நோட்டில் எழுதிப் படிப்பது எப்படி

ஒரு தமிழ் நாளிதழில் உலகச் செய்திப் பக்கத்தில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தேன். ஏஜென்சி காப்பி வரும், தமிழில் எழுதுவோம், தலைப்பு வைப்போம், எடிஷன் மூடுவோம். மறுநாள் அந்தத் தாள் பழைய பேப்பர் கட்டுக்குப் போய்விடும். நேற்று என்ன எழுதினோம் என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. பக்கத்து வீட்டு அக்காவின் மகள் அப்போது கார்கிவ்வில் எம்.பி.பி.எஸ். மூன்றாம் வருடம். அக்கா அன்று இரவு வாசலில் வந்து நின்றார். "தம்பி, நீ பேப்பர்ல இருக்க, சொல்லு. இது எத்தனை நாள்ல முடியும்?" என்று கேட்டார். "ஒரு வாரத்துக்குள்ள முடிஞ்சிரும்க்கா" என்றேன். அன்று ராத்திரியே ஒரு 192 பக்க நோட்டை எடுத்து, சொன்னதை அப்படியே தேதி போட்டு எழுதி வைத்தேன். இப்போது ஐந்தாவது நோட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு பெரிய நாட்டின் பலத்தைப் பற்றி நாம் நினைப்பது போர் நீள நீள எப்படி மாறுகிறது, அதில் எது உண்மையான மாற்றம், எது அன்றைய தலைப்பு என்று பிரித்துப் பார்க்க எனக்கு உதவிய முறை இது.

முதல் பக்கத்தில் செய்தி எழுத வேண்டாம். நீங்கள் என்ன நம்புகிறீர்கள், ஏன் நம்புகிறீர்கள் என்று எழுதுங்கள். நான் எழுதிய காரணங்கள் மூன்று: 2008-ல் ஜார்ஜியாவில் ஐந்தே நாளில் ரஷ்யா வென்றது, 2014-ல் பெரிய சண்டையே இல்லாமல் கிரிமியாவை எடுத்துக்கொண்டது, 2015-ல் சிரியாவில் இறங்கி அதிபர் அசாத்தின் ஆட்சியைத் தூக்கி நிறுத்தியது. ரஷ்யாவைப் பற்றி என் தலையில் இருந்த உருவம் முழுக்க இந்த மூன்றிலிருந்து வந்ததுதான். மூன்றிலும் ஓர் ஒற்றுமை உண்டு. தரையில் லட்சக்கணக்கான வீரர்களுக்கு மாதக்கணக்கில் சோறும் டீசலும் குண்டும் அனுப்பும் வேலை எதிலும் வரவில்லை. இதை நான் கவனித்தது ஏப்ரலில்தான். முதல் பக்கத்தை எழுதியிருக்காவிட்டால் அப்போதும் கவனித்திருக்க மாட்டேன். தவறாகப் போனாலும் அந்தப் பக்கத்தை அடிக்காதீர்கள்.

அடுத்து, முக்கியமான ஒவ்வொரு செய்திக்கும் வலது பக்கத்தைக் காலியாக விடுங்கள். இடது பக்கத்தில் இன்று என்ன புரிந்ததோ அது. வலது பக்கத்தில் பத்து நாள் கழித்து என்ன புரிகிறதோ அது. இதன் அருமையை ஒரே ஒரு படம் எனக்குக் காட்டிக் கொடுத்தது. பிப்ரவரி 28 அன்று உக்ரைன் தலைநகர் கீவுக்கு வடக்கே ரஷ்ய ராணுவ வண்டிகள் வரிசைகட்டி நிற்கும் செயற்கைக்கோள் படம் வந்தது. முதலில் 27 கிலோமீட்டர் என்றார்கள், பிறகு 64 கிலோமீட்டர் என்றார்கள். சில இடங்களில் சாலையை அடைத்துக்கொண்டு இரண்டு மூன்று வரிசையாக லாரி, டாங்கி, பீரங்கி வண்டி. நியூஸ் ரூமில் எல்லோருக்கும் ஒரே எண்ணம்: கீவ் போய்விட்டது. இடது பக்கத்தில் "பிரம்மாண்டம்" என்று எழுதினேன்.

மறுநாளும் அதே படம். அதற்கு மறுநாளும் அதுதான். வண்டி நகரவில்லை. டீசல் தீர்ந்தது, சாலையை விட்டு இறங்கினால் சேறு, முன்னால் பாலங்கள் தகர்க்கப்பட்டிருந்தன, உக்ரைன் வீரர்கள் சிறு சிறு குழுவாக வந்து அடித்துவிட்டு மறைந்தார்கள். மார்ச் 10 வாக்கில் அந்த வரிசை கலைந்து காட்டோரங்களில் ஒதுங்கியது. மாதக் கடைசியில் கீவ் பகுதியை விட்டே பின்வாங்கத் தொடங்கினார்கள். வலது பக்கத்தில் நான் எழுதியது: "64 கி.மீ. என்பது வந்த படையின் நீளம் இல்லை, நின்ற படையின் நீளம்." படம் அதேதான். பார்த்தவர்களின் கணக்குதான் பத்து நாளில் தலைகீழானது.

சரி, வரைபடம். ஸ்டேஷனரி கடையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கும் ஐரோப்பா அவுட்லைன் மேப் போதும். எல்லையைப் பென்சிலில் போடுங்கள், ஏனென்றால் அடிக்கடி அழிக்க வேண்டிவரும். 2022 செப்டம்பரில் கார்கிவ் பக்கம் ஒரே வாரத்தில் கைமாறிய நிலத்தை அழித்து வரைவதற்குள் தாள் கிழிந்தது. நவம்பரில் கெர்சோன் நகரமும் கைமாறியது. அதன் பிறகு மாதக்கணக்கில் பென்சிலுக்குப் பெரிய வேலை இல்லை. பாக்முத் ஊரில் போருக்கு முன் சுமார் 70,000 பேர் இருந்தார்கள். நம் பக்கத்து ஒரு சின்ன நகராட்சி அளவு. அதைப் பிடிக்க ரஷ்யாவுக்கு 2022 ஆகஸ்டிலிருந்து 2023 மே வரை ஆனது. இதைப் பார்த்து ரஷ்யா அவ்வளவுதான் என்று முடிவு கட்டியவர்கள், அதே 2023 கோடையில் உக்ரைனின் எதிர்த்தாக்குதல் கண்ணிவெடி வயல்களில் சிக்கி ரோபோதினே கிராமத்தருகே நின்றுபோனபோது திரும்ப வாய் மூடினார்கள். வரைபடம் ஒரு சாட்சி. அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதினால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தீர்ப்பை மாற்ற வேண்டிவரும்.

இறந்தவர் எண்ணிக்கைக்குத் தனிப் பக்கம் வைத்து, சொன்னது யார் என்பதை எண்ணுக்கு முன்னால் எழுதுங்கள். இரண்டு தரப்பும் பெரும்பாலும் எதிராளியின் பிணத்தைத்தான் எண்ணிச் சொல்கின்றன.

கிடங்கையும் பட்டறையையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். 2022 கோடையில் அறுபதுகளின் டி-62 டாங்கிகளை ரஷ்யா கிடங்கிலிருந்து வெளியே கொண்டுவந்தது. ஈரானின் ஷாகெத் ட்ரோன், அப்புறம் வட கொரியாவின் பீரங்கிக் குண்டு, 2024 இலையுதிர் காலத்தில் வட கொரிய வீரர்களே வந்தார்கள். கை நீட்டி வாங்கும் நிலைக்கு ஒரு வல்லரசு வந்தது பலவீனம் என்று எழுதினேன், அது உண்மைதான். ஆனால் வலது பக்கம் வேறு சொன்னது. அதே ட்ரோனைத் தாதாரிஸ்தானின் அலபுகாவில் அவர்களே செய்யத் தொடங்கினார்கள். 2025 ஜூலையில் ஒரே இரவில் 700-க்கு மேல் ஏவினார்கள். கடன் வாங்கியவன் தொழிலையும் கற்றுக்கொண்டால் அதையும் கணக்கில் ஏற்ற வேண்டும்.

பணத்துக்கு அரைப் பக்கம் போதும். 2022 மார்ச்சில் ஒரு டாலருக்கு ரூபிள் 120-ஐத் தாண்டியபோது பொருளாதாரம் நொறுங்கிவிடும் என்றார்கள்; ஜூனில் அது ஐம்பதுகளுக்கு வந்துவிட்டது. 2024 அக்டோபரில் ரஷ்ய மத்திய வங்கி வட்டியை 21 சதவீதமாக்கியது. முன்னது சத்தமாக வந்த செய்தி, பின்னது மெதுவாக அரிக்கும் செய்தி. இரண்டாவதைத்தான் பெரிய எழுத்தில் எழுதுவேன்.

இந்த முறையில் உயிரான இடம் என்று நான் நினைப்பது, போரில் இல்லாத நாடுகளுக்கான பக்கம். ஒரு வல்லரசைப் பற்றிய எண்ணம் மாறியதா என்று தெரிய நிபுணர் பேட்டியைத் தேட வேண்டாம். அதை நம்பியிருந்தவனும் அதற்குப் பயந்திருந்தவனும் என்ன கையெழுத்துப் போட்டார்கள் என்று பாருங்கள்.

பின்லாந்துக்கு ரஷ்யாவுடன் சுமார் 1,340 கிலோமீட்டர் எல்லை. பனிப்போர்க் காலம் முழுக்க மாஸ்கோவைச் சீண்டாமல் வாழ்ந்த நாடு. ஸ்வீடன் இருநூறு வருடமாக எந்த ராணுவக் கூட்டிலும் சேராத நாடு. இரண்டும் 2022 மே 18 அன்று ஒரே நாளில் மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோவுக்கு விண்ணப்பித்தன. 2023 ஏப்ரல் 4-ல் பின்லாந்து உறுப்பினர். 2024 மார்ச் 7-ல் ஸ்வீடன். அந்த விண்ணப்பத்தில் பயமும் இருக்கிறது, துணிச்சலும் இருக்கிறது. ரஷ்யா அண்டை நாட்டுக்குள் புகும் என்ற பயம். நாம் சேர்ந்தால் இப்போதைக்கு அதனால் தண்டிக்க முடியாது, அதன் படை உக்ரைனில் கிடக்கிறது என்ற துணிச்சல். "பயம் கூடியது, மரியாதை குறைந்தது" என்று ஒரே வரியில் எழுதினேன். இன்றுவரை அதை மாற்றத் தோன்றவில்லை.

ஆர்மேனியாவின் கதை இன்னும் வருத்தமானது. ரஷ்யாவின் பாதுகாப்புக் கூட்டணியில் உறுப்பு நாடு அது. அஜர்பைஜானுக்குள் ஆர்மேனியர்கள் வாழ்ந்த நாகோர்னோ-கராபாக்கில் 2020 முதல் ரஷ்ய அமைதிப்படை நின்றுகொண்டிருந்தது. 2023 செப்டம்பர் 19 அன்று அஜர்பைஜான் தாக்கியது. ஒரே நாளில் எல்லாம் முடிந்தது. அமைதிப்படை பார்த்துக்கொண்டு நின்றது. அடுத்த சில நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மேனியர்கள் கார் கூரையில் மெத்தையைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போனார்கள். 2024 பிப்ரவரியில், அந்தக் கூட்டணியில் தங்கள் பங்கேற்பை நிறுத்தி வைத்திருப்பதாக ஆர்மேனியப் பிரதமர் பாஷின்யான் சொன்னார். 2024 டிசம்பர் 8-ல் சிரியாவில் அசாத் மாஸ்கோவுக்கு ஓடினார். என் முதல் நோட்டின் முதல் பக்கத்தில் இருந்த மூன்றாவது காரணம் அன்று போய்விட்டது.

இதே பக்கத்தில் எதிர்த்திசையில் நடந்ததையும் எழுதுங்கள். போருக்கு முன் இந்தியாவின் எண்ணெய் இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு இரண்டு சதவீதம் போலத்தான். 2023-ல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. அதே சமயம் 2018-ல் ஒப்பந்தம் போட்ட ஐந்து எஸ்-400 வான்பாதுகாப்பு ஏவுகணைத் தொகுதிகளில் சில கெடுவுக்குள் வந்து சேரவில்லை. எண்ணெய் வாங்க ஒரு நம்பிக்கை, ஆயுதம் வாங்க வேறொரு நம்பிக்கை. தேசம் தேசமாக, பொருள் பொருளாக எழுதினால்தான் இது தெரியும். அணுகுண்டும் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலின் வீட்டோவும் போரால் தேயாதவை. அவற்றை நோட்டின் பின்னட்டையில் எழுதி வைத்திருக்கிறேன், மறக்காமல் இருக்க.

வருடம் ஒருமுறை, உங்கள் முடிவுக்கு நேர் எதிராக ஒரு பக்கம் எழுதுங்கள். எனக்கு இதைக் கற்றுத் தந்தது 1939. அந்த நவம்பர் 30 அன்று சோவியத் படை பின்லாந்துக்குள் நுழைந்தது. அப்போது பின்லாந்தில் நாற்பது லட்சம் பேர்கூட இல்லை. ராத்தே காட்டுச் சாலையில் ஒரு சோவியத் டிவிஷன் முழுக்கப் பனியில் வெட்டுண்டு போனது. செம்படை வெறும் கூடு என்று உலகம் முடிவு செய்தது; ஹிட்லரின் தளபதிகளும் அப்படியே நினைத்தார்கள். ஆனால் 1940 மார்ச் 13-ல் முடிந்த அந்தப் போரில் சுமார் பத்தில் ஒரு பங்கு நிலத்தை இழந்தது பின்லாந்துதான். மே மாதமே ஸ்டாலின் பாதுகாப்பு அமைச்சர் வோரஷிலோவை நீக்கி திமோஷெங்கோவை வைத்தார், படையைச் சீர்செய்யத் தொடங்கினார்கள். 1941-ல் ஜெர்மனி மாஸ்கோ வாசல் வரை போய், டிசம்பரில் திரும்ப வேண்டிவந்தது. பலவீனத்தைச் சரியாகவே பார்த்தார்கள். அது அப்படியே இருக்கும் என்று நம்பியதுதான் பிழை. ரஷ்யாவின் முதல் மாதத் தடுமாற்றத்தைப் படிக்கும்போதெல்லாம் இந்தப் பக்கத்தையும் புரட்டுவேன்.

அக்காவின் மகள் வந்து சேர்ந்தாள். மார்ச் 2 அன்று, சாயங்காலத்துக்குள் நடந்தாவது கார்கிவ்வை விட்டு வெளியேறுங்கள் என்று இந்தியத் தூதரகம் அறிவித்தது. அவளும் தோழிகளும் பக்கத்து ஊரான பிசோசின் வரை நடந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அவள் சொன்ன ஒன்று நோட்டில் இருக்கிறது. பிப்ரவரி 27 காலையில் ரஷ்ய வண்டிகள் ஊருக்குள்ளேயே வந்துவிட்டன என்று மெட்ரோ ஸ்டேஷனில் எல்லோரும் அழுதார்களாம். சாயங்காலம் அவர்கள் துரத்தப்பட்டார்கள் என்று செய்தி வந்ததும், தண்ணீர் வரிசையில் நின்ற ஒரு பாட்டி, "இவ்வளவுதானா இவர்கள்?" என்றாராம். கார்கிவ் மக்களில் ஏராளமானோர் ரஷ்ய மொழி பேசுகிறவர்கள். பாட்டி சொன்ன அந்தப் புரிதல் எங்கள் செய்திப் பக்கத்துக்கு ஏப்ரலில்தான் வந்து சேர்ந்தது. அந்தப் பாட்டிக்கு நான்காவது நாளே தெரிந்திருந்தது. அதனால் போர் நடக்கும் இடத்தில் இருக்கிறவர்கள் சொன்னதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

நடக்கிற போரில் நேரடியாகத் தொடங்கத் தயக்கமாக இருந்தால், முடிந்துபோன ஒன்றில் கை பழகுங்கள். நான் சிபாரிசு செய்வது, போயர் என்ற டச்சு வழிக் குடியேறிகளோடு பிரிட்டன் மோதிய தென்னாப்பிரிக்காவின் போயர் போர், 1899 அக்டோபர் 11 முதல் 1902 மே 31 வரை. கிறிஸ்துமஸுக்குள் முடியும் என்று பிரிட்டன் நம்பியதை முதல் பக்கத்தில் எழுதுங்கள். டிசம்பரில் ஒரே வாரத்தில் ஸ்டார்ம்பர்க், மாகர்ஸ்ஃபான்டைன், கொலென்சோ மூன்றிலும் தோற்றதை அடுத்த பக்கத்தில். மற்ற நாடுகளுக்கான பக்கத்தில் 1902 ஜனவரி 30: தனித்தே நிற்பேன் என்று இருந்த பிரிட்டன் ஜப்பானுடன் உடன்படிக்கை. பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கான பத்தியில் காந்தி சேர்த்த இந்திய ஆம்புலன்ஸ் படை. சுமார் 1,100 பேர், பெரும்பாலும் நேட்டால் தோட்டங்களின் ஒப்பந்தக் கூலிகள். மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழர்களும் தெலுங்கர்களும் அதில் இருந்தார்கள். கொலென்சோவில் அடிபட்டு விழுந்த வெள்ளைச் சிப்பாய்களை ஸ்ட்ரெச்சரில் தோளில் வைத்து மைல்கணக்கில் தூக்கி நடந்தவர்கள் அவர்கள். அவர்கள் எழுதி வைத்தது எதுவும் என் கைக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பத்திக்குத் தலைப்பு மட்டும் போட்டு, கீழே காலியாக விட்டிருக்கிறேன்.