வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர்கள் கூடுதல் நேர விஷயத்தில் செய்யும் தவறுகள்

தென் கொரியா, ஜப்பான், தைவான், வியட்நாம், சீனா, வளைகுடா நாடுகள் எல்லாமே வெளிநாட்டிலிருந்து ஆங்கில ஆசிரியர்களை வரவழைக்கின்றன. அங்கே வேலை பார்த்தவர்களிடம் பேசினால் ஒரு குறை அடிக்கடி காதில் விழும். வகுப்பு முடிந்த பிறகும் வேலை முடிவதில்லை, அந்த வேலைக்குச் சம்பளமும் கிடையாது. சனிக்கிழமை டெமோ வகுப்பு, பெற்றோர் கூட்டம், ரிப்போர்ட் கார்டு, கோடை முகாம், பண்டிகை அலங்காரம், வாரக் கடைசியில் பயிற்சிப் பட்டறை என்று வாரத்துக்குச் சில மணி நேரம் காணாமல் போகிறது.

இந்த நாடுகளில் பெரும்பாலானவற்றில் கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் கொடுக்கச் சொல்லும் தெளிவான சட்டம் இருக்கிறது. அப்படியிருந்தும் பணம் கைக்கு வராமல் போவதற்கு ஆசிரியர் தரப்பில் நடக்கும் சில தவறுகளும் காரணம். அவை பெரும்பாலும் வேலைக்குச் சேர்வதற்கு முன்பும், சேர்ந்த முதல் சில வாரங்களிலும் நடப்பவை.

ஒப்பந்தத்தில் உள்ள மணிக்கணக்கைத் தவறாகப் படிப்பது

எல்லாப் பிரச்சினையும் இங்கேதான் தொடங்குகிறது. கொரியாவில் ஹாக்வான் எனப்படும் தனியார் பயிற்சி மையங்களின் ஒப்பந்தங்களில் 'வாரத்துக்கு 30 மணி நேரம் கற்பித்தல்' என்ற வரி சகஜம். ஒரு நாளைக்கு 6 மணி நேர வேலை என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அந்த 30 மணி நேரம் வகுப்புக்குள் இருக்கும் நிமிடங்களை மட்டும் கூட்டியதாக இருக்கலாம். ஒரு வகுப்பு 40 நிமிடம் என்றால், 30 மணி நேரத்துக்கு 45 வகுப்புகள், அதாவது நாளுக்கு 9. வகுப்புகளுக்கு நடுவே உள்ள 5, 10 நிமிடங்கள், பாடத் தயாரிப்பு, நோட்டுத் திருத்தம், பெற்றோருக்குப் போன் செய்வது எல்லாம் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கும்.

ஜப்பானில் எய்கைவா என்ற உரையாடல் வகுப்பு நிறுவனங்களில் வாரம் 29.5 மணி நேரம் என்ற விசித்திரமான எண்ணைப் பார்க்கலாம். முழுநேர வேலையான 40 மணி நேரத்தில் முக்கால் பங்கு, அதாவது 30 மணி நேரம் வந்துவிட்டால் ஊழியரைச் சமூகக் காப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்ற விதியை ஒட்டிப் பழக்கத்துக்கு வந்த எண் அது. 2024 அக்டோபர் முதல் 51 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனங்களில் பொதுவாக வாரம் 20 மணி நேரமே காப்பீட்டுக்குப் போதுமானதாகிவிட்டது. ஆனாலும் பழைய எண் பல ஒப்பந்தங்களில் அப்படியே இருக்கிறது. இடைவேளை நிமிடங்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால்தான் அந்த 29.5 நிற்கும். ஆகவே நிமிடங்களைக் கேட்பதைச் சில்லறைச் சண்டை என்று நினைக்காதீர்கள்.

எது வேலை நேரம் என்ற கேள்விக்கு ஜப்பான் உச்ச நீதிமன்றம் 2000-இல் நாகசாகி கப்பல் கட்டும் தளம் ஒன்றின் வழக்கில் பதில் சொன்னது. முதலாளியின் கட்டளையின் கீழ் இருக்கும் நேரம் வேலை நேரம். கட்டாயமாக்கப்பட்ட வேலை உடையையும் பாதுகாப்புச் சாதனங்களையும் அணிய ஆகும் நேரம்கூட அதில் அடங்கும். ஒப்பந்தத்தில் என்ன பெயர் வைத்தார்கள் என்பது இதை மாற்றாது. கப்பல் தளத் தொழிலாளிக்குக் கிடைத்த இந்த அளவுகோல் ஆசிரியருக்கும் நேராகப் பொருந்தும். மையத்தில் இருந்துதான் தயாரிக்க வேண்டும் என்று சொன்னால் அது வேலை நேரம்.

கையெழுத்துக்கு முன் மின்னஞ்சலில் கேளுங்கள். எத்தனை மணிக்கு மையத்துக்கு வர வேண்டும், எத்தனை மணிக்குப் போகலாம், ஒரு வகுப்பு எத்தனை நிமிடம், வாரத்துக்கு அதிகபட்சம் எத்தனை வகுப்பு, சனி ஞாயிறு நிகழ்ச்சிகள் வருடத்துக்கு எத்தனை, அவற்றுக்கு என்ன விகிதத்தில் சம்பளம். பதில் எழுத்தில் வரட்டும். போனில் இனிமையாகச் சொல்லிவிட்டு எழுதித் தர மறுக்கும் இடத்தை நான் நம்பமாட்டேன்.

மாதச் சம்பளம் என்றால் ஓவர்டைம் கிடையாது என்று நம்புவது

நிர்வாகம் இதை நம்பிக்கையோடு சொல்லும், ஆசிரியரும் தலையாட்டிவிடுவார். கொரியாவில் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 40 மணி நேரத்தைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு தர வேண்டும். வாரத்துக்கு 12 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் வேலை வாங்கவும் கூடாது. ஆனால் 5 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கு அந்த அரை மடங்குக் கூடுதல் பொருந்தாது. சிறிய ஹாக்வானில் சேர்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கேயும் வேலை செய்த மணிக்குச் சாதாரண சம்பளம் உண்டு, இலவசமாக வாங்க முடியாது.

ஜப்பானில் 8 மணி, 40 மணி என்ற அதே வரம்புக்கு மேல் 25 சதவீதம் கூடுதல், மாதத்தில் 60 மணி நேர ஓவர்டைமைத் தாண்டினால் 50 சதவீதம். இங்கே ஒரு குழப்பம் வரும். ஒப்பந்தம் 29.5 மணி நேரம், நீங்கள் செய்தது 35 மணி நேரம் என்றால், நடுவே உள்ள 5.5 மணி நேரத்துக்குச் சாதாரண விகிதத்தில் பணம் வர வேண்டும். நாளுக்கு 8 மணி அல்லது வாரத்துக்கு 40 மணி தாண்டும்போதுதான் 25 சதவீதம் சேரும். முதல் மணியிலிருந்தே 25 சதவீதம் கேட்டால் உங்கள் நியாயமான கோரிக்கையும் பலவீனமாகிவிடும்.

தைவானில் ஒரு நாளின் முதல் இரண்டு கூடுதல் மணிக்கு மூன்றில் ஒரு பங்கு, அடுத்த இரண்டுக்கு மூன்றில் இரண்டு பங்கு கூடுதல். வியட்நாமில் மொத்த விகிதமே சாதாரண நாளில் வழக்கமான சம்பளத்தின் 150, வார விடுமுறையில் 200, பண்டிகை விடுமுறையில் 300 சதவீதம். சீனாவின் தொழிலாளர் சட்டத்திலும் இதே மூன்று விகிதங்கள்தான். ஐக்கிய அரபு அமீரகத்தில் 25 சதவீதம் கூடுதல், இரவு 10 முதல் அதிகாலை 4 வரை 50 சதவீதம் கூடுதல். இது அடிப்படைச் சம்பளத்தின் மீதுதான் கணக்கிடப்படும் என்பதால், அடிப்படையைக் குறைத்து அலவன்ஸைக் கூட்டிய ஒப்பந்தத்தில் ஓவர்டைம் தொகை சுருங்கிவிடும்.

சில ஒப்பந்தங்களில் இத்தனை மணி நேர ஓவர்டைம் சம்பளத்திலேயே அடங்கியது என்று ஒரு வரி இருக்கும். ஜப்பானில் அப்படி எழுதலாம், ஆனால் எத்தனை மணி, எவ்வளவு தொகை என்பது தெளிவாக இருக்க வேண்டும். அந்த மணிக்கு மேல் போனால் தனியாகத் தர வேண்டும்.

இன்னொரு வகை, ஊழியராகச் சேர்க்காமல் சுயதொழில் செய்பவராகக் காட்டுவது. கொரியாவில் சம்பளத்தில் 3.3 சதவீதம் மட்டும் வரியாகப் பிடித்துக்கொண்டு காப்பீடு எதுவும் கட்டாமல் இருந்தால் அதுதான் நடக்கிறது. உங்கள் நேரத்தையும் இடத்தையும் பாடப் புத்தகத்தையும் அவர்களே தீர்மானிக்கிறார்கள் என்றால், பெயர் எதுவாக இருந்தாலும் நீங்கள் ஊழியர்தான் என்று அங்கே வாதிட முடியும். முதல் சம்பளச் சீட்டிலேயே இதைப் பாருங்கள்.

எதையும் எழுதி வைக்காமல் இருப்பது

சட்டம் தெரிந்தவர்களும் இங்கேதான் தோற்கிறார்கள். ஒரு வருடம் கழித்து 'நிறைய நாள் கூடுதலாக வேலை செய்தேன்' என்று போய் நின்றால் தொழிலாளர் அதிகாரி என்ன செய்வார், பாவம்? எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, யார் சொன்னார்கள், என்ன வேலை என்றுதான் கேட்பார்.

வருகைப் பதிவை வைத்திருக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு என்பது உண்மைதான். தைவானில் நிமிடக் கணக்கில் பதிந்து 5 வருடம் பாதுகாக்க வேண்டும், ஊழியர் நகல் கேட்டால் மறுக்கக் கூடாது. ஸ்பெயினில் 2019 மே மாதத்திலிருந்து தினசரி வேலை நேரப் பதிவு கட்டாயம், 4 வருடம் வைத்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பதிவில் எல்லா நாளும் சரியாக 9 மணிக்கு வந்து 6 மணிக்குப் போனதாக எழுதி உங்களிடம் கையெழுத்துக் கேட்கலாம். உண்மை இல்லாத பதிவில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டிய நிலை வந்தால், சரியான நேரத்தைப் பக்கத்தில் எழுதிப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பதிவு எளிமையாக இருந்தால் போதும். அன்றன்றைக்கு எழுதியதாக இருப்பதுதான் முக்கியம். ஒரு நோட்டில் தேதி, வந்த நேரம், போன நேரம், கூடுதல் வேலை என்ன, சொன்னவர் யார் என்று எழுதுங்கள். வாராந்திர வகுப்பு அட்டவணை, குழுவில் வந்த செய்திகள், வேலை முடித்து அனுப்பிய மின்னஞ்சல், ரயில் கார்டின் பயணப் பதிவு எல்லாம் அதை உறுதிப்படுத்தும். இவற்றை மையத்தின் கணினியிலோ அவர்கள் கொடுத்த மின்னஞ்சல் கணக்கிலோ மட்டும் வைக்காதீர்கள். வேலை போகும் அன்றே அந்தக் கணக்கும் மூடப்படும். மாணவர்களின் தனிப்பட்ட விவரங்களை மட்டும் நகலெடுக்க வேண்டாம், அது உங்கள் மீதே திரும்பும்.

கேட்காமல் இருப்பதும், வெடித்துக் கேட்பதும்

பலர் ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, ஏழாவது மாதம் பெற்றோர் முன்னாலேயே கத்திவிடுகிறார்கள். அந்த ஆறு மாதத்தில் நிர்வாகம் அதை வழக்கம் என்றே எடுத்துக்கொண்டிருக்கும். முதல் தடவை கூடுதல் வேலை வரும்போதே, மரியாதையாக, எழுத்தில் கேட்பது நல்லது. இப்படி எழுதலாம்: 'சனிக்கிழமை 10 முதல் 2 வரை நடக்கும் பெற்றோர் நிகழ்ச்சிக்கு வரச் சொன்னீர்கள், வருகிறேன். இந்த 4 மணி நேரம் இந்த மாதச் சம்பளத்தில் சேருமா, வேறு நாள் விடுப்பாகத் தரப்படுமா என்று சொன்னால் உதவியாக இருக்கும்.'

இதில் குற்றச்சாட்டு இல்லை, மறுப்பும் இல்லை. ஆனால் யார் வரச் சொன்னார்கள், எத்தனை மணி நேரம் என்பது பதிவாகிவிடுகிறது. 'விருப்பப்பட்டால் வாருங்கள்' என்று பதில் வந்தால், வராமல் இருப்பது என் மதிப்பீட்டைப் பாதிக்குமா என்று கேளுங்கள். பாதிக்கும் என்றால் அது விருப்பம் இல்லை. அப்புறம், நேரில் பேசி முடிவானதையும் அன்று மாலையே இரண்டு வரியில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால், சக ஆசிரியர்களோடு சேர்ந்து கேளுங்கள். ஜப்பானில் தனிநபராகவே சேரக்கூடிய தொழிற்சங்கங்கள் இருக்கின்றன, வெளிநாட்டு ஆசிரியர்கள் நிறையப் பேர் அவற்றில் உறுப்பினர்கள். சங்கம் பேச்சுவார்த்தைக்கு அழைத்தால் தகுந்த காரணமில்லாமல் நிறுவனம் மறுக்க முடியாது.

விசா பயத்தில் முடிவெடுப்பது

'புகார் கொடுத்தால் விசாவை ரத்து செய்துவிடுவோம்' என்ற மிரட்டல் எடுபடக் காரணம், விதி தெரியாததுதான். ஜப்பானில் வசிப்பு அனுமதி ஒரு நிறுவனத்தின் சொத்து கிடையாது. வேலையை விட்டால் 14 நாளுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், அதே வகை வேலையை வேறு இடத்தில் தேடலாம். வெளிநாட்டு மொழி ஆசிரியர்களுக்கான கொரியாவின் இ-2 விசா அப்படி இல்லை, வேலை கொடுத்த இடத்தோடு இறுக்கமாகக் கட்டப்பட்டது. ஒப்பந்தக் காலத்தில் இடம் மாற வேண்டுமென்றால் முதலில் குடிவரவு அலுவலகத்தில் விசாரித்துவிட்டுத்தான் ராஜினாமா எழுத வேண்டும்.

சொல்லாமல் கொள்ளாமல் ராத்திரியோடு ராத்திரியாக விமானம் ஏறிவிடுவது பெரிய இழப்பில் முடியும். பாக்கிச் சம்பளத்தை வாங்குவது கடினமாகும், ஒரு வருடம் முடிய இரண்டு மாதமே இருந்தால் கொரியாவில் கிடைக்கவேண்டிய பணிக்கொடையும் போகும்.

இழந்த பணத்தை ஈடுகட்டத் தனி டியூஷன் எடுக்கவும் வேண்டாம். கொரியாவிலும் சீனாவிலும் அனுமதியில்லாமல் வெளி வேலை செய்தால் அபராதம், நாடுகடத்தல் வரை போகலாம். நியாயம் உங்கள் பக்கம் இருந்த வழக்கில் நீங்களே குற்றவாளியாகிவிடுவீர்கள். மையத்தின் பெயரைப் போட்டு இணையத்தில் எழுதுவதும் அப்படித்தான். கொரியாவிலும் ஜப்பானிலும் சொன்னது உண்மையாகவே இருந்தாலும் அவதூறு வழக்கு வர வாய்ப்புண்டு.

கிளம்பும் நேரத்தில் விட்டுவிடுவது

சம்பள பாக்கியைக் கேட்கக் கொரியாவிலும் ஜப்பானிலும் 3 வருடம் வரை அவகாசம் உண்டு. சீனாவில் வேலை முடிந்ததிலிருந்து ஒரே வருடம். அவகாசம் இருக்கிறதே என்று ஊர் திரும்பிவிட்டால், மொழி தெரியாமல், நேரில் ஆஜராக முடியாமல் வழக்கு இழுத்துக்கொண்டே போகும். நாட்டில் இருக்கும்போதே புகாரைப் பதிந்துவிடுவது நல்லது. கொரியாவில் தொழிலாளர் அமைச்சகத்தின் 1350, தைவானில் 1955 ஆகிய எண்களில் ஆங்கிலத்திலேயே பேசலாம். ஜப்பானில் உங்கள் பணியிடத்துக்கு உட்பட்ட தொழிலாளர் தர ஆய்வு அலுவலகத்துக்குப் (Labour Standards Inspection Office) போக வேண்டும்.

கடைசி நாளில் 'எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை' என்ற தாளை நீட்டினால், உள்ளூர் மொழியில் இருந்தால் மொழிபெயர்த்துப் படிக்கும் வரை கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டு முன்பணத்தை அந்தக் கையெழுத்தோடு முடிச்சுப் போடுவார்கள், அதற்கும் அசைய வேண்டாம். கொரியாவில் வேலை முடிந்த 14 நாளுக்குள் எல்லாப் பாக்கியும் தீர்க்கப்பட வேண்டும். அந்தப் பணம் வந்து சேரும் வரை அங்கே உள்ள வங்கிக் கணக்கை மூடாமல் வைத்திருங்கள்.