கோள் வளிமண்டல ஆய்வுக்குப் புதிதா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

முனைவர் பட்டத்துக்கு வரும் மாணவர்கள் ஆண்டுதோறும் அதே பழைய தவறுகளைச் செய்கிறார்கள். சில நானே செய்தவை. பேக்கப் எடுங்கள், குறிப்பேடு வையுங்கள் என்பதையெல்லாம் உங்கள் வழிகாட்டியே சொல்லிவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கோடு வரும்வரை படியைக் கூட்டுவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வரும். மாணவர் ஒருவர் சிலியிலுள்ள அல்மா ரேடியோ தொலைநோக்கியின் காப்பகத்திலிருந்து தரவை இறக்கி, பல மாதம் உழைத்து ஒரு வரைபடத்தோடு வந்தார். "சார், கோடு தெரியுது." ஒரு வாயு உறிஞ்சும் அலைநீளத்தில் நிறமாலையில் விழும் பள்ளத்தைத்தான் கோடு என்கிறோம். தெரிந்தது, அழகாகவே. பின்னணியை எதை வைத்துக் கழித்தீர்கள் என்று கேட்டேன். "பத்தாம் படிப் பல்லுறுப்புக்கோவை, சார். அதுக்குக் கீழே வெச்சா கோடு வரலை."

வெள்ளி போன்ற பிரகாசமான கோளை மில்லிமீட்டர் அலைகளில் பார்க்கும்போது, கருவிக்குள்ளேயே அலைகள் எதிரொலித்து நிறமாலையை நெளிய வைக்கும். நாம் தேடும் கோட்டின் ஆழமோ பின்னணி ஒளியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். நெளிவைக் கழிக்காமல் முடியாது. அதனால் கோடு வரவேண்டிய இடத்தை மறைத்துவிட்டு, இரு பக்கத் தரவுக்கும் ஒரு பல்லுறுப்புக்கோவையைப் பொருத்திக் கழிக்கிறோம். சிக்கல் என்னவென்றால், மறைத்த இடத்தில் அந்தக் கோவையைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை. படியைக் கூட்டக் கூட்ட அங்கே அது இஷ்டத்துக்கு எழும்பும். கழித்தால் பள்ளம் விழும், அதுவும் நாம் ஆசைப்பட்ட இடத்திலேயே.

2020 செப்டம்பரில் வெள்ளியில் பாஸ்ஃபீன், அதாவது உயிரின் அடையாளமாக இருக்கலாம் எனப்படும் வாயு, என்று உலகமே பேசியது நினைவிருக்கும். 267 கிகாஹெர்ட்ஸ் அருகே ஒரு கோடு, நூறு கோடி மூலக்கூறுகளில் சுமார் 20 என்ற அளவு. அல்மா தரவில் பொருத்தியது 12-ஆம் படிக் கோவை. நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழக வானியலாளர் இக்னாஸ் ஸ்னெல்லனின் குழு அதே முறையை அதே தரவில் பக்கத்து அதிர்வெண்களிலும் போட்டுப் பார்த்தது. பத்து சிக்மாவை (சிக்மா என்பது இரைச்சலின் அளவு) தாண்டிய ‘கோடுகள்’ இன்னும் ஐந்து முளைத்தன! குறைந்த படிக்கு இறங்கினால் பாஸ்ஃபீன் கோடு இரண்டு சிக்மா அளவுக்குச் சுருங்கியது. அப்புறம் அல்மா தரவின் அளவுத்திருத்தத்திலேயே பிழை இருந்தது தெரிந்து, கண்டுபிடித்த குழுவே அளவை நூறு கோடியில் 1 முதல் 4 என்று குறைத்தது. விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் தரவும் நிரலும் வெளிப்படையாக இருந்ததால்தான் மற்றவர்கள் இதைச் சரிபார்க்க முடிந்தது. அந்த நேர்மைக்காகக் கண்டுபிடித்த குழுவை நான் மதிக்கிறேன்.

ஆகவே கோடு தெரிந்தால் துள்ளுவதற்கு முன், எந்தக் கோடும் இருக்கக் கூடாத இடங்களில் அதே முறையைப் போட்டுப் பாருங்கள். தெரிந்த ஆழத்தில் ஒரு போலிக் கோட்டைத் தரவில் நுழைத்து, அதே ஆழத்தில் திரும்பக் கிடைக்கிறதா என்றும் பாருங்கள். படியைக் கோட்டைத் தேடும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். அந்த மாணவர் இதைச் செய்ய ஒரு பிற்பகல்தான் ஆனது. காலியான இடங்களிலும் அதே போன்ற கோடுகள் வரிசையாக வந்தன. மாதக்கணக்கில் உழைத்தது போனது போனதுதான்.

பூமியின் காற்றை மறப்பது

செவ்வாயின் நீராவியைத் தரையிலிருந்து தேடினால், முதலில் தெரிவது நம் தலைக்கு மேலுள்ள நீராவி. செவ்வாய் நம்மை நோக்கியோ விலகியோ நகரும்போது அதன் கோடு சற்று இடம் மாறும்; இந்த டாப்ளர் விலகல்தான் இரண்டையும் பிரிக்கும். செவ்வாய் பெரிதாகத் தெரிகிறதே என்று எதிர்நிலை (வானில் சூரியனுக்கு நேரெதிரே செவ்வாய் வரும்) நாட்களிலேயே எல்லாரும் நேரம் கேட்பார்கள். அப்போது அதன் சார்பு வேகம் ஏறக்குறைய சுழி. இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும். படம் எடுக்க அது நல்ல நாள், இந்த வேலைக்கு அல்ல. எதிர்நிலைக்குச் சில மாதங்கள் முன்போ பின்போ கேளுங்கள். கோள் சிறிதாகத் தெரிந்தாலும் பரவாயில்லை.

பொருந்தாத கோட்டுப் பட்டியல்

மூலக்கூறுகளின் கோடுகளைத் தொகுத்த ஹிட்ரான் தரவுத்தளம் 296 கெல்வினை, அதாவது அறை வெப்பநிலையை, அடிப்படையாகக் கொண்டது. ஆயிரம் கெல்வினைத் தாண்டும் சூடான வியாழன்களுக்கு (தம் விண்மீனை ஒட்டிச் சுற்றும் பெரிய வாயுக் கோள்கள்) எக்ஸோமோல் அல்லது ஹைடெம்ப் என்ற உயர் வெப்பநிலைப் பட்டியலை எடுங்கள்.

நவம்பரில் காவலூர் வானாய்வகத்தில் நேரம் கேட்பது

வேண்டாம்.

ஒன்றும் கிடைக்கவில்லை என்று மூடிவைப்பது

"எதுவுமே இல்லையே, இதை எப்படி சார் பேப்பராக்குவது?" என்று கேட்பவர்கள் அதிகம். செவ்வாயைச் சுற்றிவரும் டிரேஸ் கேஸ் ஆர்பிட்டரின் குழு, மீத்தேன் தென்படவில்லை என்பதையே 2019-ல் நேச்சர் இதழில் எழுதியது. நூறு கோடியில் 0.05 என்ற மேல் எல்லையைக் கொடுத்தது. கியூரியாசிட்டி ஊர்தி கேல் பள்ளத்தில் அளந்ததோ சராசரியாக 0.4. இந்த இரண்டு எண்களையும் எப்படிப் பொருத்துவது என்று அதற்குப் பின் வந்த கட்டுரைகள் ஏராளம்.