மாதா பக்தியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிலுவையில் தொங்கியபோது இயேசு தம் அன்புச் சீடரிடம், "இவரே உம் தாய்" என்றார் (யோவான் 19:27). அந்தச் சீடரின் இடத்தில் நம் எல்லாரையும் வைத்துத்தான் இயேசுவின் தாய் மரியாவை அம்மா என்கிறோம், மாதா என்கிறோம். 1964 நவம்பர் 21 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் அவரைத் 'திருச்சபையின் அன்னை' என்று அறிவித்தார். 2018 முதல் பெந்தக்கோஸ்து ஞாயிறுக்கு அடுத்த திங்கட்கிழமை அந்தப் பெயரில் நினைவுநாளும் கொண்டாடப்படுகிறது.

இந்த உறவில் நாம் செய்யும் தவறுகளில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது ஒன்று உண்டு. "இயேசு கண்டிப்பானவர், மாதாவிடம் சொன்னால் அவரைச் சமாதானப்படுத்திவிடுவார்" என்ற எண்ணம். நல்ல பக்தர்களே இப்படிப் பேசுகிறார்கள். நமக்காக உயிரைக் கொடுத்தவரே இயேசுதான், தம் தாயை நமக்குத் தந்தவரும் அவர்தான். அவரை விட இரக்கமுள்ளவர் ஒருவர் தேவை என்று நினைத்தால், அந்தத் தாய்க்கே அது மனவருத்தம் அல்லவா? கானாவூர்க் கல்யாண வீட்டில் மரியா செய்ததைப் பாருங்கள். திராட்சை ரசம் தீர்ந்துபோனதை மகனிடம் சொன்னார். பிறகு பணியாளர்களிடம், "அவர் உங்களுக்குச் சொல்வதெல்லாம் செய்யுங்கள்" என்றார். யோவான் நற்செய்தியில் அதற்குப் பிறகு மரியா வாய்திறந்து பேசுவதாகவே இல்லை. பரிந்துரை என்றால் இதுதான். 'இணை மீட்பர்', அதாவது இயேசுவோடு சேர்ந்து மீட்பவர், என்ற பட்டத்தை மரியாவுக்குப் பயன்படுத்துவது பொருத்தமல்ல என்று 2025 நவம்பரில் வத்திக்கான் தெளிவுபடுத்தியதும் இதே காரணத்துக்காகத்தான். மீட்பர் இயேசு ஒருவரே.

மாதாவின் பெயர்களை வரிசையாகச் சொல்லி வேண்டும் நம் மன்றாட்டு மாலையைக் கவனித்துச் சொன்னாலே இது விளங்கும். கடவுளிடம் "எங்கள் மேல் இரக்கமாயிரும்" என்கிறோம், மாதாவிடம் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்கிறோம். ஆராதனை கடவுளுக்கு மட்டும், மாதாவுக்கு வணக்கம்.

அடுத்து, "அந்த ஊர் மாதாவை விட இந்த ஊர் மாதாவுக்குச் சக்தி அதிகம்" என்ற பேச்சு. வேளாங்கண்ணியில் ஆரோக்கிய அன்னை, பூண்டியில் பூண்டி மாதா, வில்லியனூரில் லூர்து அன்னை எல்லாம் நாசரேத்தில் வாழ்ந்த அதே மரியாதான். பெயர்தான் வேறு, ஆள் ஒருவரே.

ஆகஸ்ட் 29 திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன்பிருந்தே காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து வருகிறவர்களின் விசுவாசம் பெரிது, அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் கால் கொப்பளிக்க நடந்துவந்து, மொட்டை போட்டு, கடலில் குளித்து, மெழுகுதிரி ஏற்றிவிட்டு, குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனமும் திருப்பலியும் இல்லாமலே பஸ் ஏறிவிடுகிறார்கள் சிலர். அத்தனை தூரம் நடந்தது திருப்பலியில் நாம் உட்கொள்ளும் அந்த நற்கருணைக்காகத்தானே!

திருப்பலி நடக்கும்போதே செபமாலை உருட்டுவதும் வேண்டாம். அது தவறு என்று 1974-இலேயே ஆறாம் பவுல் எழுதிவிட்டார். திருப்பலிக்கு முன்போ பின்போ சொல்லலாம், இரவில் குடும்பமாக உட்கார்ந்து சொன்னால் இன்னும் நல்லது. "இந்தச் செபத்தை ஒன்பது பேருக்கு அனுப்பாவிட்டால் கெட்டது நடக்கும்" என்று வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே அழித்துவிடுங்கள். பிள்ளைகளை மிரட்டுகிற தாய் அல்ல மரியா.

அப்புறம், டிசம்பர் 8 அமலோற்பவத் திருநாளை இயேசு கருவான நாள் என்று பலர் நினைக்கிறார்கள். அது மரியா தம் தாயின் வயிற்றில் பாவக்கறையின்றி உருவானதைக் கொண்டாடும் நாள். சரியாக ஒன்பது மாதம் கழித்து, செப்டம்பர் 8 அன்று, அவர் பிறந்தநாள் வருகிறது.

இதற்கெல்லாம் நேர் எதிரான தவறும் உண்டு. பிற சபைகளுக்குப் போகும் உறவினர்கள் "சிலையைக் கும்பிடுகிறீர்களே" என்று கேட்டுவிட்டால், வீட்டிலிருக்கும் மாதா சுரூபத்தை அலமாரிக்குள் வைத்துவிடுகிறார்கள் சிலர். பயப்படத் தேவையில்லை. மரியாவைக் கடவுளின் தாய் என்று 431-இல் எபேசு நகரில் ஆயர்கள் கூடிய பொதுச்சங்கம் அறிவித்தது, இயேசு உண்மையாகவே கடவுள் என்பதைக் காக்கத்தான். கேட்கிறவரிடம் லூக்கா முதல் அதிகாரத்தை எடுத்து, "இதுமுதல் எல்லாத் தலைமுறையினரும் என்னைப் பேறுபெற்றவர் என்பர்" என்று மரியாவே பாடியதை நிதானமாக வாசித்துக் காட்டுங்கள்.