நன்கொடை தருமுன் தலைவரின் சம்பளத்தைப் பார்ப்பது எப்படி? புதிதாகக் கொடுப்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

அப்பாவின் திதி வருகிறது. இந்த முறை ஏதாவது ஒரு இல்லத்துக்கு ஐயாயிரம் ரூபாய் கொடுக்கலாம் என்று வீட்டில் பேசி முடித்தாகிவிட்டது. அப்போதுதான் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "அதை நடத்துறவர் மாசம் ரெண்டரை லட்சம் சம்பளம் வாங்குறாராம், தெரியுமா?" என்று போடுவார். பேச்சு அதோடு நிற்கும், பணமும் போகாது.

சம்பளத்தைப் பார்ப்பது தவறில்லை, பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மொத்தச் செலவு எவ்வளவு, சம்பளத்தை நிர்ணயித்தது யார், வாங்குபவர் யாருக்கு உறவு, கணக்கில் அது வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறதா என்ற நான்கையும் பக்கத்தில் வைத்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் வரும். கணக்கு கைக்கு வந்தபின் நான்கையும் பார்க்க ஒரு மணி நேரம் போதும். கைபேசி, கால்குலேட்டர், சில சமயம் 100 ரூபாய் கட்டணம், இவ்வளவுதான் தேவை.

படி 1: அது எந்த வகை அமைப்பு என்று பாருங்கள்

ரசீதிலோ இணையதளத்தின் அடியிலோ இருக்கும். பதிவு செய்யப்பட்ட அறக்கட்டளையா (டிரஸ்ட்), 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான சங்கமா, கம்பெனிகள் சட்டம் 2013-இன் 8-ஆம் பிரிவில் பதிவான லாப நோக்கற்ற நிறுவனமா? வகையைப் பொறுத்துதான் கணக்கு எங்கே கிடைக்கும் என்பது மாறும்.

8-ஆம் பிரிவு நிறுவனம் என்றால் வேலை எளிது. கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் கணக்கு தொடங்கி 100 ரூபாய் கட்டினால், அது தாக்கல் செய்த ஏஓசி-4 படிவத்தையும் அதனுடன் இணைத்த தணிக்கைக் கணக்கையும் பார்க்கலாம். சங்கம் என்றால் ஆண்டுக் கணக்கு மாவட்டப் பதிவாளரிடம் போகும். கட்டணம் செலுத்தி நகல் கேட்கலாம். அறக்கட்டளைதான் சிக்கல். அதன் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கும், ஆனால் ஆண்டுக் கணக்கைப் பொதுமக்கள் போய்ப் பார்க்க ஓர் இடம் கிடையாது. மகாராஷ்டிராவில் பொது அறக்கட்டளைகளுக்கென்று ஆணையர் இருக்கிறார். தமிழ்நாட்டில் அப்படி ஏற்பாடு இல்லை. இந்து சமய அறநிலையத் துறை பார்ப்பது கோயில்களையும் அவற்றைச் சார்ந்த கட்டளைகளையும்தான். ஆகவே அறக்கட்டளையிடம் கணக்கை நேரடியாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்டால் தருகிறார்களா என்பதே முதல் பரீட்சை.

படி 2: சரியான ஆண்டின் கணக்கை எடுங்கள்

நிதியாண்டு மார்ச் 31-இல் முடியும். தணிக்கையும் வருமான வரித் தாக்கலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் முடிய வேண்டியவை. எனவே ஜனவரியில் கேட்கும்போது, முந்தைய மார்ச்சில் முடிந்த ஆண்டின் கணக்கு தயாராக இருக்க வேண்டும். மூன்று வருடம் பழைய கணக்கைக் காட்டி "இதுதான் கடைசி" என்றால் காரணம் கேளுங்கள். ஆடிட்டர் கையெழுத்தும் முத்திரையும் இல்லாத, வண்ணப் படங்கள் நிறைந்த ஆண்டறிக்கை கணக்கு ஆகாது. அதை நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டு, தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கைத் தனியாகக் கேளுங்கள்.

ஒரு வருடம் போதாது, மூன்று வருடக் கணக்கு வேண்டும். சென்னையில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் போன்ற ஆண்டுகளில் நிவாரணப் பணம் வந்து செலவு ஒரேயடியாக வீங்கும். சம்பளத்தின் சதவீதம் தானாகவே சிறுத்துத் தெரியும். அடுத்த ஆண்டு நிவாரணம் நின்றதும் அதே சம்பளம் பெரிதாகத் தெரியும். மாறியது சம்பளம் அல்ல.

படி 3: சம்பளம் எந்தப் பெயரில் ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். "நிர்வாக இயக்குநர் சம்பளம்" என்று ஒரு வரி பளிச்சென்று இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். தலைவருக்குப் போகும் பணம் பொதுவாக இந்தத் தலைப்புகளில் ஏதோ ஒன்றில் இருக்கும்: சம்பளமும் படிகளும், மதிப்பூதியம், தொழில்முறைக் கட்டணம், ஆலோசனைக் கட்டணம், திட்டப் பணியாளர் சம்பளம். கடைசித் தலைப்பு முக்கியம். தலைவர் தன் சம்பளத்தில் பாதியை ஒரு திட்டத்தின் கீழும் மீதியை நிர்வாகத்தின் கீழும் எழுதலாம். அவர் உண்மையிலேயே அந்தத் திட்டத்தில் வேலை செய்தால் அது முறையான கணக்குதான். ஆனால் நிர்வாகத் தலைப்பை மட்டும் பார்த்தால் உங்களுக்குக் கிடைப்பது பாதித் தொகை.

முதல் பக்கத்தோடு நிறுத்தாமல் பின்னால் இருக்கும் இணைப்புகளுக்குப் போங்கள். 8-ஆம் பிரிவு நிறுவனத்தின் கணக்கில் கடைசிக் குறிப்புகளில் "தொடர்புடைய நபர்களுடனான பரிவர்த்தனைகள்" என்ற பகுதியைத் தேடுங்கள். இயக்குநர்களுக்கும் உறவினர்களுக்கும் கொடுத்த சம்பளம், வாடகை, கடன் எல்லாம் அங்கே வரும். அறக்கட்டளை, சங்கம் என்றால் வருமான வரிக்கான தணிக்கை அறிக்கையில், அதாவது படிவம் 10பி அல்லது 10பிபி-யில், "குறிப்பிட்ட நபர்கள்", அதாவது நிறுவனர், அறங்காவலர், அவர்களுடைய உறவினர்கள் போன்றோருக்குக் கொடுத்த தொகையைக் கேட்கும் பகுதி இருக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் அனுப்பச் சொல்லலாம்.

கிரெடிபிலிட்டி அலையன்ஸ் என்ற அமைப்பின் குறைந்தபட்ச நெறிகளை ஏற்ற நிறுவனம் என்றால் இவ்வளவு தோண்ட வேண்டாம். தலைவரின் சம்பளம், அதிகம் வாங்குபவர்கள், மிகக் குறைவாக வாங்குபவர் ஆகிய விவரங்களை ஆண்டறிக்கையிலேயே வெளியிட வேண்டும் என்று அந்த நெறிகள் சொல்கின்றன.

படி 4: இரண்டு கணக்குப் போடுங்கள்

முதல் கணக்கு: தலைவரின் ஆண்டுச் சம்பளத்தை மொத்தச் செலவால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். இரண்டாவது: அவருடைய மாதச் சம்பளத்தை, அங்கே மிகக் குறைவாக வாங்கும் முழுநேர ஊழியரின் மாதச் சம்பளத்தால் வகுங்கள்.

கற்பனையாக இரண்டு நிறுவனங்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது தாம்பரம் பக்கம் ஒரு சிறிய இல்லம். ஆண்டுச் செலவு 60 லட்சம், தலைவருக்கு மாதம் 75,000, ஆண்டுக்கு 9 லட்சம். அது 15 சதவீதம். உங்கள் 5,000 ரூபாயில் 750 அவருக்குப் போகிறது. இரண்டாவது நகரம் முழுக்க மையங்கள் உள்ள அமைப்பு. செலவு 12 கோடி, தலைவருக்கு மாதம் 2,50,000, ஆண்டுக்கு 30 லட்சம். அது 2.5 சதவீதம்; உங்கள் 5,000-இல் 125 ரூபாய். வாட்ஸ்அப்பில் திட்டு வாங்குபவர் இரண்டாமவர்தான், உங்கள் பணத்தில் பெரிய பங்கு எடுப்பவரோ முதலாமவர்.

இதனால் முதல் இல்லம் மோசம் என்றும் ஆகாது. சிறிய இடத்தில் தலைவரே கணக்கர், வார்டன், வண்டி ஏற்பாடு எல்லாம். ஆள் ஒருவர், வேலை நான்கு என்றால் சதவீதம் கூடத்தான் செய்யும்.

இப்போது இரண்டாவது கணக்கு. சிறிய இல்லத்தில் ஆயாவுக்கு மாதம் 7,500 என்றால் பத்து மடங்கு வித்தியாசம். பெரிய அமைப்பில் கடைநிலை ஊழியருக்கு 16,000 என்றால் பதினைந்தரை மடங்குக்கு மேல். மடங்கு பெரிய அமைப்பில் அதிகம், ஆனால் அங்கே கடைநிலை ஊழியர் இரட்டிப்புக்கு மேல் வாங்குகிறார். இந்த இடத்தில் தலைவரின் சம்பளத்தைவிட ஆயாவின் சம்பளம்தான் அதிகம் சொல்கிறது என்பது எங்கள் கருத்து. இதை உறுதி செய்ய ஒரு குறுக்கு வழி உண்டு: கணக்கில் பி.எஃப். பங்களிப்பு என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்துக்குப் பி.எஃப். சட்டம் பொருந்தும். ஆண்டறிக்கையில் நாற்பது ஊழியர்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள், கணக்கில் பி.எஃப். வரியே இல்லை என்றால் கேள்வி கேட்க வேண்டிய இடம் அது.

இங்கே வழக்கமாக நடக்கும் பிழை, செலவுக்குப் பதில் வரவால் வகுப்பது. கட்டடம் கட்ட ஒரு பெரிய நன்கொடை வந்த ஆண்டில் வரவு பல மடங்காகத் தெரியும். சதவீதம் பொய்யாகக் குறையும்.

படி 5: வேலையின் தன்மையோடு ஒப்பிடுங்கள்

அன்னதானம், போர்வை, பள்ளிப் பைகள் கொடுக்கும் அமைப்பில் பொருளுக்கான செலவு பெரிதாகவும் சம்பளம் சிறிதாகவும் இருக்க வேண்டும். மனநலம், சிறப்புக் கல்வி, புற்றுநோய் சிகிச்சை என்று போனால் கணக்கு தலைகீழாகும். வீடற்ற, மனநலம் பாதிக்கப்பட்ட பெண்களுக்காக 1993-இல் சென்னையில் தொடங்கிய பேனியன், மனச்சிதைவு நோய்க்காக 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் போன்ற அமைப்புகளின் துறையில் அரிசி மூட்டையை எண்ணிப் பயனில்லை. மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர் ஆகியோரின் நேரம்தான் அங்கே சேவை. அவர்களுடைய சம்பளத்தை "நிர்வாகச் செலவு" என்று ஒதுக்கினால் சேவையையே ஒதுக்கிவிடுகிறீர்கள்.

தலைவரின் சம்பளத்தை ஒப்பிடச் சரியான அளவுகோல் உங்கள் சம்பளம் அல்ல. அதே அளவு ஊழியர்களையும் பணத்தையும் நிர்வகிக்கும் மருத்துவமனை நிர்வாகி, பள்ளி முதல்வர் போன்றோருக்குச் சென்னையில் என்ன கொடுக்கிறார்கள் என்று வேலைவாய்ப்புத் தளங்களில் பாருங்கள். அதைவிடக் குறைவாகவோ ஏறக்குறைய அதே அளவிலோ இருந்தால் பெரிதாக அலட்ட வேண்டாம்.

வெளிநாட்டு நிதி வாங்கும் அமைப்புக்குச் சட்டமே ஓர் எல்லை வைத்திருக்கிறது. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, அந்த நிதியில் 20 சதவீதத்துக்கு மேல் நிர்வாகச் செலவு செய்யக்கூடாது. அதற்கு முன் 50 சதவீதம் வரை அனுமதி இருந்தது. மருத்துவமனையின் மருத்துவருக்கும் பள்ளியின் ஆசிரியருக்கும் தரும் சம்பளம் இந்த 20-க்குள் வராது, நிர்வாகக் குழுவினரின் ஊதியம் வரும்.

அமெரிக்கத் தலைவர்களின் கோடிக்கணக்கான சம்பளம் பற்றி வரும் பார்வர்டுகளை இங்குள்ள அமைப்புகள் மேல் ஏற்றாதீர்கள். அந்த எண்கள் வெளியே வருவதே, அங்கே படிவம் 990 என்ற வரித் தாக்கலில் உயர் பொறுப்பாளர்களின் ஊதியத்தை எழுதி, அதைப் பொதுவில் வைக்க வேண்டும் என்பதால்தான். அங்கேயும் நன்கொடை மதிப்பீட்டு அமைப்புகள் மூன்று சேர்ந்து 2013-இல் ஒரு திறந்த கடிதம் எழுதி, நிர்வாகச் செலவு விகிதத்தை மட்டும் வைத்து ஓர் அறப்பணியை எடை போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டன.

படி 6: "சம்பளமே வாங்குவதில்லை" என்றால் இன்னும் கவனமாகப் பாருங்கள்

நம் ஊரில் இதற்கு மயங்காதவர் குறைவு. உண்மையிலேயே கைக்காசு போட்டு நடத்துபவர்கள் இருக்கிறார்கள், அவர்களைச் சந்தேகிக்கச் சொல்லவில்லை. ஆனால் கணக்கில் சம்பளத் தொகை பூஜ்யம் என்பதால் அவருக்குப் போகும் பலனும் பூஜ்யம் என்று ஆகாது. இவற்றைச் சரிபாருங்கள்: கட்டட வாடகை யாருக்குப் போகிறது? வண்டி யார் பெயரில் இருக்கிறது, டீசல் யார் கணக்கில்? மளிகை, அச்சு வேலை, கட்டுமானம் ஆகியவற்றை எடுப்பவர் அறங்காவலரின் மைத்துனரா? சம்பளப் பட்டியலில் தலைவரின் மனைவியோ மகனோ இருக்கிறார்களா?

வருமான வரிச் சட்டம் 1961-இன் 13-ஆம் பிரிவு இதைத்தான் பிடிக்கிறது. நிறுவனர், அறங்காவலர், பெரிய நன்கொடையாளர், இவர்களுடைய உறவினர்கள் ஆகியோருக்கு, செய்த வேலைக்கு நியாயமான ஊதியம் கொடுக்கலாம்; நியாயத்துக்கு மிஞ்சிய பலன் போனால் வரிவிலக்குக்கே ஆபத்து. 2025-இன் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை; அதில் பிரிவு எண்கள் வேறு. புதிய எண்ணோடு யாராவது பேசினால் குழம்ப வேண்டாம்.

மாதம் ஒரு லட்சம் என்று கணக்கில் எழுதி, அதைத் தலைவர் இல்லாத கூட்டத்தில் குழு தீர்மானம் போட்டு நிர்ணயித்த இடம், சம்பளம் இல்லை என்று சொல்லி மூன்று உறவினர்களுக்கு வாடகையும் ஒப்பந்தமும் கொடுக்கும் இடத்தைவிட மேல். இதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை.

நிதி திரட்டும் செலவையும் மறக்க வேண்டாம். தியாகராய நகர் நடைபாதையில் அட்டை மாட்டி நிற்கும் இளைஞரும், குழந்தைக்கு அறுவை சிகிச்சை என்று போனில் அழைக்கும் பெண்ணும் வசூலில் கமிஷன் வாங்குபவர்களாக இருக்கலாம். அந்தக் கமிஷன் தலைவரின் சம்பளத்தைவிட உங்கள் ரூபாயை அதிகம் தின்னக்கூடும். கணக்கில் "நிதி திரட்டல் செலவு" என்ற வரியைப் பாருங்கள்.

படி 7: கேட்டு எழுதுங்கள்

மின்னஞ்சல் போதும். இப்படி எழுதலாம்:

"வணக்கம். உங்கள் அமைப்புக்கு நன்கொடை தர விரும்புகிறேன். அதற்கு முன் கடைசி மூன்று ஆண்டுகளின் தணிக்கை செய்த கணக்கு தேவைப்படுகிறது. மேலும், தலைமைப் பொறுப்பில் இருப்பவரின் ஆண்டு ஊதியம் எவ்வளவு, அதை யார் நிர்ணயித்தார்கள், அறங்காவலர்களுக்கோ அவர்களுடைய உறவினர்களுக்கோ சம்பளம், வாடகை, ஒப்பந்தம் ஏதும் கொடுக்கப்படுகிறதா என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும். நன்றி."

மரியாதை குறையாமல் கேளுங்கள்; எதிரில் இருப்பவர் பத்து வேலைக்கு நடுவே பதில் எழுதுபவர். இரண்டு வாரம் பொறுத்து ஒரு முறை நினைவூட்டலாம். தொகையைச் சொல்லத் தயங்கி வரம்பை மட்டும் சொன்னால்கூடப் பரவாயில்லை. "எங்களை நம்பவில்லையா?" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

படி 8: முடிவு

கணக்கு வெளிப்படை, சம்பளம் சந்தை அளவுக்குள், உறவினர் விவகாரம் இல்லை என்றால் சம்பளத்தை மறந்துவிட்டு, அவர்கள் செய்யும் வேலை நன்றாக நடக்கிறதா என்று பார்க்கப் போங்கள். சம்பளம் மட்டும் அதிகம், மற்றதெல்லாம் சரி என்றால் பாதித் தொகையைக் கொடுத்து அடுத்த ஆண்டுக் கணக்கைப் பார்க்கலாம். மூன்று ஆண்டுகளில் சம்பளம் ஏற ஏறச் சேவைச் செலவு இறங்கியிருந்தால் கொடுக்க வேண்டாம்.

கொடுப்பது என்று முடிவானால் வங்கி வழியாகவே கொடுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் 80ஜி கழிவு, அதாவது நன்கொடைக்கான வருமான வரிக் கழிவு, கிடையாது. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் அந்தக் கழிவே உண்டு. ரசீதில் 80ஜி பதிவு எண் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். அமைப்பு நன்கொடை விவரங்களை வருமான வரித் துறையிடம் தாக்கல் செய்து (1961 சட்டத்தில் படிவம் 10பிடி), நிதியாண்டு முடிந்தபின் மே 31-க்குள் நன்கொடைச் சான்றிதழை (படிவம் 10பிஇ) உங்களுக்கு அனுப்ப வேண்டும். ஜூன் முதல் வாரம் வரை வரவில்லை என்றால், உங்கள் பான் எண்ணையும் ரசீதின் நகலையும் இணைத்து அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக எழுதுங்கள்.